போன் இருக்கும்போது சின்ன கேமரா எதுக்கு? பார்டர்ல இருந்து ஒரு விளக்கம்

போன சாரல் சீசன்ல ஒரு சாயங்காலம், பழைய குத்தாலத்துல குளிச்சுட்டு வெளிய வந்து நிக்கோம், ஆச்சி ஈரத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு பஜ்ஜிக் கடை ஓரமா நிக்காங்க, எம் பொண்ணு மாமாவோட பழைய கேமராவை எடுத்து டப்புன்னு ஒண்ணு அடிச்சா. பின்னாடி ஸ்கிரீன்ல பாத்தா ஆச்சி முகம் பளிச்சுன்னு இருக்கு, சேலைக் கரை கூட தெரியுது, ஆனா அவங்களைச் சுத்தி வெள்ளை வெள்ளையா வட்டம், பெருசும் சின்னதுமா ஒரு இருபது முப்பது இருக்கும். ஆச்சி கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு பாத்து "என்னட்டி இது, என்னையச் சுத்தி முட்டை முட்டையா மிதக்கு"ன்னாங்க. அதே இடத்துல அதே நேரத்துல நான் போன்ல எடுத்த படத்துல வட்டமே இல்ல, ஆனா ஆச்சி துண்டை உதறுன கை கரைஞ்சு போயிருக்கு, முகத்துல இருக்கற சுருக்கம் எல்லாம் மெழுகு பூசுன மாதிரி வழுவழுன்னு ஆயிருக்கு.

இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே சின்ன கேமராவுக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசம் பாதி விளங்கிரும், அதனால இதுல இருந்தே ஆரம்பிக்கேன்.

அந்த வட்டம் எல்லாம் சாரல் துளிதான், வேற ஒண்ணும் இல்ல. சின்ன கேமராவுல ஃப்ளாஷும் லென்ஸும் ரெண்டு விரக்கடை தூரத்துல பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஃப்ளாஷ் அடிக்கும்போது லென்ஸுக்கு ஒரு சாண் முன்னாடி விழுந்துட்டு இருக்கற துளி மேலதான் வெளிச்சம் மொதல்ல போய் விழும், பட்டுத் திரும்பி நேரா லென்ஸுக்குள்ளயே வந்துரும். தூரம் கூடக் கூட வெளிச்சம் ரொம்ப வேகமா குறையும், தூரம் 10 மடங்கு ஆனா வெளிச்சம் 100ல ஒரு பங்கா ஆயிரும். ஆச்சி நிக்கது 2 மீட்டர்ல, துளி இருக்கது 20 சென்டிமீட்டர்ல, அப்பம் அந்தத் துளி மேல ஆச்சி முகத்துல விழறதை விட 100 மடங்கு வெளிச்சம் விழுது. ஃபோகஸ் ஆச்சி மேல இருக்கறதால துளி ஊதிப் பெருத்து வட்டமா தெரியுது. தூசி பறக்கற இடத்துல, பனி விழற மார்கழி ராத்திரில எடுத்தாலும் இதே கதைதான், சில பேரு இதை ஆவி, சாமின்னு சொல்லி படத்தை பூஜை ரூம்ல வச்சிருக்கறதைக் கூட பாத்திருக்கேன். சாரல்ல எடுக்கணும்னா ஒரு கடை இறவாரத்துக்குக் கீழ நாம நின்னுக்கிட்டு, லென்ஸுக்கு முன்னாடி ஒரு கஜம் தூரத்துக்கு மழை விழாம பாத்துக்கிட்டா போதும், வட்டம் பெரும்பாலும் வராது.

இப்ப கேமரா கதைக்கு வாரேன். எங்களுக்கு தமிழ்நாடு கேரளா பார்டர் இங்கிட்டு பாதி வீடு அங்கிட்டு பாதி வீடு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊருதான, அதனால எங்க ஆச்சி பிறந்து வாக்கப்பட்டது எல்லாம் கழுதுருட்டி பக்கம், நாங்க இருக்கது செங்கோட்டை. பெரிய மாமா சவுதில தம்மாம்ல வேலை பாத்தாங்க, 2009ல லீவுக்கு வந்தப்ப கொண்டாந்தது இந்த 10 மெகாபிக்சல் கேமரா. அந்த காலத்துல புனலூர் பக்கம் கல்ஃப்ல இருந்து யாரு வந்தாலும் பெட்டிக்குள்ள இந்த மாதிரி ஒண்ணு இருக்கும், கல்யாண வீட்டுல நாலு பேரு கையில வெள்ளி கலர்ல மின்னும்.

அது வெறும் நம்ம ஊரு நிலவரம் மட்டும் இல்ல, உலகமே அப்படித்தான் இருந்துச்சு. ஜப்பான் கேமரா கம்பெனிகளோட சங்கமான சிபா கணக்குப்படி 2010ல 12 கோடி டிஜிட்டல் கேமராவுக்கு மேல கடைக்குப் போச்சு, அதுல 10 கோடிக்கு மேல இந்த லென்ஸ் கழட்ட முடியாத சின்ன கேமராதான். இந்த சின்ன கேமரா கணக்கு மட்டும் 2023ல வெறும் 17 லட்சம் பக்கம் வந்து நின்னுச்சு. 13 வருஷத்துல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு காணாம போன சாமான் வேற எது இருக்கும்னு தெரியல. இத்தனைக்கும் டிஜிட்டல் கேமராங்கறதே 1975ல கோடாக் கம்பெனில ஸ்டீவன் சாஸன்ங்கற எஞ்சினியர் செஞ்சு பாத்ததுல ஆரம்பிச்சது, மூணரை கிலோவுக்கு மேல வெயிட்டு, 10,000 புள்ளிதான் படம், அதுவும் கறுப்பு வெள்ளை, ஒரு படத்தை கேசட் டேப்ல பதிய 23 செகண்டு. அதைக் கண்டுபிடிச்ச கம்பெனியே 2012 ஜனவரில திவால் மனு போட்டுச்சு.

ஏன் இப்படி விழுந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் "போன் வந்துருச்சுல்லா"ம்பாங்க, சரிதான், ஆனா அதுக்குள்ள இருக்கற காரணம் சென்சார் சைஸு. படம் புடிக்கற சில்லுதான் சென்சார், மழைத் தண்ணி புடிக்க முத்தத்துல அண்டா வைக்கோம்லா, வாய் அகலமான அண்டால சீக்கிரம் ரொம்பும், டம்ளர்ல ரொம்பாது, வெளிச்சமும் அப்படித்தான். மாமாவோட கேமரா மாதிரி சாதா கேமரால சென்சார் அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் நாலரை, ஒரு துவரம்பருப்பு அளவுன்னு வைங்க. இன்னைக்கு நல்ல போன் ஒண்ணோட மெயின் கேமரால இருக்கற சென்சார் இதை விட ரெண்டு மடங்கு பரப்பு பெருசு. அப்பம் பருப்பை பருப்பு ஜெயிச்சதுன்னு கூட சொல்ல முடியாது, பெரிய பருப்பு சின்ன பருப்பை ஜெயிச்சிருச்சு.

அதோட போன் ஒரு படம் எடுக்கறதில்ல. நாம ஒரு தடவை தொட்டா அது ஏழெட்டு படத்தை அடுத்தடுத்து எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, புள்ளி புள்ளியா வர்ற இரைச்சலை கழிச்சு, இருட்டை ஏத்தி, வானத்தை இறக்கி, ஒரு படமா கோத்துத் தருது. கூகுள் 2018ல பிக்ஸல் போன்ல நைட் சைட்னு விட்ட பிறகு ராத்திரிப் படம் எடுக்கறதுல பழைய சின்ன கேமரா பக்கத்துல கூட நிக்க முடியாம ஆயிருச்சு, இதை நான் மனசார ஒத்துக்கிடுதேன், பழைய கேமராதான் எல்லாத்துலயும் ஒசத்தின்னு சொல்றவங்க பேச்சை நம்பி காசை விடாதீங்க. ஆனா அந்த அடுக்கற வேலைக்கு ஒரு விலை இருக்கு. ஆச்சி கை அசைஞ்சா ஏழு படத்துல ஏழு இடத்துல இருக்கும், அதைச் சேத்து ஒட்டும்போது கரையும். இரைச்சலைக் கழிக்கும்போது முகச் சுருக்கமும் சேந்து கழிஞ்சிரும். எண்பது வயசு ஆச்சிக்கு சுருக்கத்தை எடுத்துட்டா அது எங்க ஆச்சி இல்ல.

இங்கதான் ஃப்ளாஷ் வருது. போன்ல இருக்கது எல்இடி லைட்டு, டார்ச் மாதிரி, வெளிச்சம் கம்மி, அதனால ஷட்டர் ரொம்ப நேரம் தெறந்து இருக்கணும். சின்ன கேமரால இருக்கது ஜீனான் ஃப்ளாஷ். ஆன் பண்ணினதும் காதுகிட்ட வச்சா கீய்ய்ன்னு ஒரு சத்தம் ஏறுமே, அது உள்ள இருக்கற கெபாசிட்டர்ல கிட்டத்தட்ட 300 வோல்ட் ஏறுற சத்தம், ஷட்டரை அமுக்கினதும் அத்தனையும் ஒரு கண்ணாடிக் குழாய்ல இருக்கற ஜீனான் வாயு வழியா ஒரே அடில பாஞ்சு வெளிச்சமா வெடிக்கும், செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு இல்ல அதுக்கும் கீழ முடிஞ்சிரும். அவ்வளவு குறைஞ்ச நேரத்துல யாரும் அசைய முடியாது, அருவித் தண்ணி கூட கண்ணாடி மணி மாதிரி அப்படியே நிக்கும். ஆச்சி உதறின துண்டுல இருந்து தெறிச்ச தண்ணி ஒவ்வொரு துளியா படத்துல இருக்கு. ஆனா மூணு நாலு மீட்டருக்கு அப்பால ஃப்ளாஷுக்கு வேலை இல்ல, மெயின் அருவில ராத்திரி தூரமா நின்னு ஃப்ளாஷ் அடிக்கறவங்க எடுக்கது முன்னாடி நிக்கவங்க பிடரியைத்தான். இன்னொண்ணு, கெட்டுப் போன கேமராவைக் கூட வீட்டுல பிரிச்சுப் பாக்காதீங்க, பேட்டரியைக் கழட்டின பிறகும் அந்தக் கெபாசிட்டர்ல கரண்டு தங்கி இருக்கும், கை வச்சா நல்லா தூக்கி அடிக்கும்.

ரெண்டாவது ஜூம். இதுக்கு எங்க வீட்டு ஆல்பத்துல ஒரு படம் இருக்கு. கொல்லம் செங்கோட்டை லைன் 1904ல இருந்து மீட்டர் கேஜ்ல ஓடுன லைன், கழுதுருட்டில 13 கண் பாலம் மேல ரயிலு ஏறி வர்றதை ஆச்சி வீட்டுக்கு மேல இருக்கற ரப்பர் தோட்டத்து மேட்டுல நின்னு பாக்கலாம். பிராட் கேஜ் ஆக்கணும்னு புனலூர் செங்கோட்டை துண்டை 2010 செப்டம்பர்ல நிறுத்துனாங்க, நிறுத்தறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி மாமா அந்த மேட்டுல இருந்து ஜூமை முழுசா இழுத்து ஒரு படம் எடுத்தாங்க, கருங்கல் தூணும், பதிமூணு கண்ணும், மேல சின்ன ரயிலும், ஒரு ஜன்னல்ல வெளிய நீட்டுன கையும் தெரியும். மறுபடி அந்தப் பாலத்துல ரயிலு வந்தது 2018லதான். எட்டு வருஷம் பாலம் சும்மா நின்னுச்சு.

அந்தப் படம் அப்படி வந்ததுக்குக் காரணம் ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸுக்குள்ள கண்ணாடி முன்னும் பின்னும் நகந்து தூரத்துல இருக்கறதை சென்சார் முழுக்க விரிச்சுத் தருது, 10 மெகாபிக்சலும் அந்தப் பாலத்துக்கே செலவாகுது. டிஜிட்டல் ஜூம்ங்கறது எடுத்த படத்தை வெட்டிப் பெருசாக்கறது, தோசையைப் பிச்சு இழுத்தா பெருசாகாது, ஓட்டைதான் விழும். இப்ப விலை கூடுன போன்ல மூணு மடங்கு அஞ்சு மடங்குன்னு தனி டெலி லென்ஸ் வருது, நல்லா இருக்கு, ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற சென்சார் மெயினை விடச் சின்னது, சாயங்காலம் ஆனா சில போன் நமக்குத் தெரியாமலே மெயின் கேமராவுக்கு மாறி வெட்டிக் குடுத்துரும். சின்ன கேமராவுக்கும் இதுல குறை உண்டு, ஜூமை இழுக்க இழுக்க லென்ஸ் வாய் சுருங்கும், வாய் அளவைச் சொல்ற எஃப் நம்பர் 2.8ல இருந்து 5.9 வரைக்கும் போகும் (நம்பர் கூடுனா வாய் சின்னதுன்னு அர்த்தம்), வர்ற வெளிச்சம் நாலுல ஒரு பங்குக்கும் கீழ இறங்கிரும், அதனால வெளிச்சம் மங்குன பிறகு ஜூம் போட்டா கை நடுக்கம் படத்துல ஏறும். அப்ப ஜூமைக் குறைச்சுட்டு நாம நாலு எட்டு முன்னாடி நடக்கறதுதான் வழி.

முகம் எடுக்க ஜூம் இன்னொரு விதத்துல உதவும். போன் மெயின் கேமரா அகலமா பாக்கும், முகம் ஃப்ரேம் முழுக்க வரணும்னா முழங்கை தூரத்துக்குப் போயிருவோம், அவ்வளவு கிட்டப் போனா மூக்கு முன்னாடி வந்துரும், காது பின்னாடி ஓடிரும். இது லென்ஸ் தப்பு இல்ல, நாம நிக்கற தூரம். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு ஜூமை இழுத்து எடுங்க, முகம் நமக்குத் தெரிஞ்ச முகமாவே இருக்கும், எதுத்தாப்புல இருக்கவங்களுக்கும் மூஞ்சிக்கு நேரா ஒரு சாமானை நீட்டுன கூச்சம் இருக்காது.

இப்ப பழைய சிசிடி கேமராவுக்கு ஒரு கிராக்கி வந்திருக்கு, காலேஜ் பிள்ளைங்க 2005, 2008 மாடலைத் தேடி அலையுதுங்க. சிசிடிங்கறது 1969ல பெல் லேப்ஸ்ல வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ரெண்டு பேரும் உருவாக்குன சென்சார் வகை, 2009ல நோபல் குடுத்தாங்க. வரிசையா நின்னு வாளி கை மாத்தற மாதிரி ஒவ்வொரு புள்ளியோட மின்சாரமும் கை மாறி ஓரத்துக்கு வந்து அளக்கப்படும். பின்னால வந்த சிமாஸ்ங்கற இன்னொரு சென்சார் வகைல ஒவ்வொரு புள்ளிகிட்டயும் அதுக்குன்னு தனி ஆம்ப்ளிஃபயர். சிசிடில கலர் ஃபிலிம் மாதிரி வரும்னு சொல்றாங்க. எனக்குப் பட்டதைச் சொல்றேன், அந்த கலருக்கு சிசிடி காரணம் கொஞ்சம்தான், அந்தக் காலத்து கம்பெனி ஜேபெக் படத்துக்கு வச்ச கலர் கணக்கு, நேரா மூஞ்சில அடிக்கற ஃப்ளாஷ், வெள்ளை வெள்ளையாவும் கறுப்பு கறுப்பாவும் சட்டுன்னு முடிஞ்சு போற சின்ன சென்சாரோட குறை, இது எல்லாம் சேந்து வர்ற தோற்றம் அது. புடிச்சிருந்தா தாராளமா வாங்கலாம், சிசிடிங்கற மூணு எழுத்துக்காக மட்டும் கூட விலை குடுக்க வேண்டாம்.

வாங்கும்போது பாக்க வேண்டியது வேற. மொதல்ல மெமரி கார்டு. ரொம்பப் பழைய கேமரா 2 ஜிபிக்கு மேல எடுக்காது, அடுத்த தலைமுறை எஸ்டிஹெச்சி, 32 ஜிபியோட நிக்கும், நாம புதுசா 64 ஜிபி கார்டைப் போட்டுட்டு கேமரா ரிப்பேர்னு நினைச்சிருவோம். ஒலிம்பஸ், ஃப்யூஜி பழைய மாடல் சிலதுல எக்ஸ்டி கார்டு, அது இப்ப புதுசா கிடைக்காது, அந்தக் கேமரா சும்மா குடுத்தாலும் யோசிங்க. ஆன், ஆஃப் பத்து தடவை பண்ணி லென்ஸ் திக்காம போய் வருதான்னு பாக்கணும், ஒரு மணல் துகள் மாட்டினாலே லென்ஸ் எரர்னு நின்னுரும். பேட்டரி உப்பியிருக்கான்னு பாக்கணும்.

போன் படத்தை விட ஒரு படி மேல வேணும்னா, 1 இன்ச் சென்சார் கேமராதான் எடம். பேருதான் 1 இன்ச், பழைய வீடியோ கேமரா குழாயோட வெளி விட்டத்தை வச்சு வந்த பேரு அது, நிஜத்துல 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், ஒரு புளியங்கொட்டை அளவு. ஆனா பரப்பு துவரம்பருப்பை விட நாலு மடங்கு. சோனி 2012ல ஆர்எக்ஸ் 100னு சட்டைப் பாக்கெட்ல அடங்குற மாதிரி இதைக் கொண்டு வந்துச்சு, 240 கிராம், இன்னைக்கும் செகண்ட் ஹேண்ட்ல நல்லதா அமைஞ்சா வீட்டுக்குப் போதும்னு நினைக்கேன். ரிகோ ஜிஆர் 3 இன்னும் பெரிய சென்சார், தபால் தலை மாதிரி, ஆனா ஜூமும் இல்ல ஃப்ளாஷும் இல்ல, அருவிக்கரைல ஆச்சியை எடுக்க எனக்கு அது ஒத்து வராது. சிம்பிளா போதும்னா கேனான் கூட 2016 மாடல் எல்ஃப் 360ஐயே லேசா மாத்தி 2025ல மறுபடி விட்டிருக்கு, செத்துப் போச்சுன்னு எல்லாரும் சொன்ன சாமான் அது.

மெகாபிக்சலைப் பத்தி ரொம்ப மண்டைய உடைக்க வேண்டாம், 4க்கு 6 பிரிண்ட் நல்லா வர 2 மெகாபிக்சல் போதும். புனலூர்ல நாங்க பிரிண்ட் போடற ஸ்டுடியோ சேட்டன் பதினஞ்சு வருஷமா இதைத்தான் சொல்றாரு. மாமாவோட 10 மெகாபிக்சல் பாலத்தை 12க்கு 18 போட்டு ஃப்ரேம் பண்ணியிருக்கோம், ஆச்சி வீட்டு முன் ரூம்ல தொங்குது, கிட்டப் போய்ப் பாத்தாலும் அந்த ஜன்னல் கை கலையல.

நான் இதை இவ்வளவு எழுதறதுக்கு ஒரு காரணம் உண்டு. எம் பொண்ணை ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் எடுத்த படம் எல்லாம் என் போன்ல இருந்துச்சு, சார்ஜ் ஏறலன்னு ஒரு சர்வீஸ் கடைல குடுத்தேன், கேக்காமலே எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணிக் குடுத்துட்டாங்க. அழுது ஒண்ணும் ஆகல. சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினது கொஞ்சம் கிடைச்சுது, ஆனா வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், படம் எடுத்த தேதி நேரம் எல்லாத்தையும் உருவி எறிஞ்சிரும், எது மூணாவது பிறந்த நாள் பாவாடை, எது அடுத்த வருஷம்னு மைனிகிட்ட கேட்டு கேட்டு அடுக்க வேண்டியதா போச்சு. அதே காலத்துல கேமரால எடுத்தது மட்டும் கார்டுல டிசிஐஎம் ஃபோல்டருக்குள்ள நம்பர் வரிசையா, தேதியோட, குட் மார்னிங் படமும் பேங்க் ரசீதும் கலக்காம அப்படியே இருந்துச்சு. கார்டும் சாகும், அதனால மாசம் ஒரு தடவை ஹார்ட் டிஸ்க்ல போட்டுருதேன், ஆனா கார்டை வேற யாரு கையிலயும் குடுக்க வேண்டிய அவசியம் வர்றதில்ல.

பொண்ணு கையில குடுக்கும்போது மொதல்ல சொல்லிக் குடுத்தது பாதி அமுக்கறது. பழைய கேமரா லேட்டா எடுக்குதுன்னு எல்லாரும் குறை சொல்லுவாங்க, ஒரே அமுக்கா அமுக்கினா அது அப்பதான் ஃபோகஸ் தேட ஆரம்பிக்கும், அதுக்குள்ள சிரிப்பு போயிரும். பட்டனைப் பாதி அமுக்கி வச்சா பச்சைக் கட்டம் வந்து காத்துக்கிட்டு இருக்கும், சிரிச்ச நொடில மிச்சத்தை அமுக்கினா உடனே விழும். அவ ரெண்டு நாள்ல பழகிட்டா.

நம்ம பக்கம் கேமராவைக் கொல்றது கீழ விழறதை விட பூஞ்சைதான். ஜூன்ல இருந்து சாரல், அக்டோபர்ல அடைமழை, கழுதுருட்டி பக்கம் செருப்பே பச்சை பூக்கும், லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி கிளம்பினா கண்ணாடி மேல இருக்கற பூச்சை அரிச்சுரும், தொடைச்சாலும் தழும்பு போகாது. தோல் உறைல போட்டு பீரோவுல வைக்கறது ரொம்பத் தப்பு, தோல் ஈரத்தைப் புடிச்சு வச்சிருக்கும். இறுக்க மூடுற டப்பால நாலஞ்சு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. அரிசில போட்டா மாவுத் தூசிதான் லென்ஸ் இடுக்குல ஏறும். அருவிக்கரைல இருந்து வந்ததும் துடைச்சு, ஃபேன் காத்துல ஒரு மணி நேரம் வச்சுட்டு அப்புறமா டப்பால மூடணும். மாசத்துக்கு ரெண்டு படமாவது எடுங்க, வெளிச்சமும் காத்தும் பட்டா பூஞ்சை சீக்கிரம் வராது.

கடைசியா கேமரால மணி. பேட்டரி ரொம்ப நாள் தீந்து கிடந்தா உள்ள இருக்கற கடிகாரம் முதல் தேதிக்குப் போயிரும், அதுக்கப்புறம் எடுக்கற எல்லாத்துலயும் தப்பான தேதி ஏறும், அதனால சார்ஜ் போட்டதும் அதைத்தான் மொதல்ல பாக்கணும். மாமாவோட பாலம் படத்துல நேரம் காலைல 7 மணி 40 நிமிஷம்னு இருக்கும், ஆனா வெயில் நல்லா ஏறித் தூண் நிழல் குட்டையா கிடக்கும், பொண்ணுதான் "அம்மா, ஏழரைக்கு இப்படியா வெயில் இருக்கும்"னு கேட்டா. மாமா தம்மாம்ல வச்ச மணியை இங்க வந்து மாத்தவே இல்ல, சவுதிக்கும் நமக்கும் ரெண்டரை மணி நேரம், அப்பம் அந்த ரயிலு பாலம் ஏறுனது 10 மணி 10க்கு. ஆச்சிகிட்ட சொன்னோம். "ஆமாட்டி, கஞ்சி குடிச்சுட்டுதான் மேட்டுக்குப் போனோம்"ன்னாங்க.